கருவாட்டுக்கு மட்டும் வரி இல்லை

1

எங்கள் மாநில பட்ஜெட்டில் துண்டு விழுந்துவிட்டது. ‘எங்கள்’ என்று எழுதிவிட்டுச் சற்று நிறுத்தினேன். நான் காரைக்காலில் அறுபத்தைந்து வருஷம் இருந்தவன். அமெரிக்காவுக்கு வந்து பதினோரு வருஷம்தான் ஆகிறது. என் வயதில் ஏழில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடுதல். ஆனாலும் செய்தி வந்தபோது எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டினேன். புதுச்சேரி பட்ஜெட்டில் துண்டு விழாத வருஷம் எனக்கு நினைவில்லை. அதற்கெல்லாம் சத்தத்தைக் கூட்டியதில்லை. சம்பளம் ஒன்றாம் தேதி வருமா என்று மட்டும் பார்ப்பேன்.

மாநிலத்தின் பெயரை எழுதக் கூடாது என்பது என் மகள் வளர்மதியின் உத்தரவு. கடல் இல்லாத மாநிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரின் ஓரத்தில் ஒரு நதி ஓடுகிறது. நதிக்கு மேல் ஒரு பாலம். பாலத்தின் பாதியில் மாநிலம் முடிந்து அடுத்த மாநிலம் ஆரம்பிக்கிறது. இந்தப் பக்கம் எந்தப் பொருள் வாங்கினாலும் விற்பனை வரி உண்டு, சாப்பாட்டுச் சாமானைத் தவிர. அந்தப் பக்கம் விற்பனை வரியே கிடையாது.

இதற்கு மேல் காரைக்கால்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் நாகூர்ப் பக்கமிருந்தும் பேரளத்துப் பக்கமிருந்தும் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து பெட்ரோல் நிரப்பிக்கொண்டு போனவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எல்லை என்பது கோடு இல்லை, விலை வித்தியாசம் என்று நமக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். இங்குள்ளவர்களுக்கு அது இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

துண்டை அடைக்க மாநில சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. வாயில் போடுகிற எல்லாவற்றுக்கும் இனி வரி.

வளர்மதி மாவு விற்கிறாள். இட்லி மாவு, அடை மாவு, ராகி மாவு, மாலையில் கொழுக்கட்டை. சுத்த சைவக் கடை என்று பலகையில் இரண்டு மொழியில் எழுதியிருக்கிறது. ஒன்பது வருஷமாக அவளே அரைத்து, அவளே டப்பாவில் அடைத்து, அவளே விற்கிறாள். கடை எங்கள் வீட்டிலிருந்து ஆயிரத்து நூற்று நாற்பது எட்டு வைக்கிற தூரம். பனி பெய்தால் ஆயிரத்து முந்நூறு, எட்டு சிறியதாகிவிடும். நான் தினமும் பத்து மணிக்குப் போய் மூலையில் என் நாற்காலியில் உட்கார்ந்து டப்பாக்களை எண்ணுவேன். வருகிறவர்கள் “அங்கிள், ஊர்ல மழையா?” என்று கேட்பார்கள். இந்த ஊரில் என்னிடம் யாராவது ஏதாவது கேட்கிற ஒரே இடம் அது.

கடைக் குத்தகை மாதக் கடைசியில் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் ஐந்து வருஷத்துக்குக் கட்டுப்பட வேண்டும். வரி வந்தால் வாடிக்கையாளர்கள் பாலத்தைத் தாண்டிவிடுவார்கள். அந்தப் பக்கம் ஒரு பெரிய கடையில் மாவு வைத்திருக்கிறார்கள், புளிக்காத மாவு, ஆனாலும் மாவு. வரி வராவிட்டால் கையெழுத்து, வந்தால் மூடுவது. இதுதான் அவள் கணக்கு. நான் சரிபார்த்தேன். கணக்கில் தவறில்லை.

2

மசோதா வந்த சமயம் நான் இங்கே இல்லை. மனைவியின் ஐந்தாம் வருஷத் திதிக்காகக் காரைக்கால் போயிருந்தேன். கோவில்பத்தில் என் தம்பி கலியபெருமாள் வீட்டில்தான் ஒவ்வொரு முறையும் தங்குவது. பெட்டி இரண்டு, கைப்பை ஒன்று, மாத்திரை பதினாலு வகை. திதி முடிந்த மூன்றாம் நாள் வளர்மதி போன் செய்தாள்.

“அப்பா, மசோதா மேல பொதுமக்கள் கருத்துக் கேக்குறாங்க. கம்ப்யூட்டர் வழியா எங்கேயிருந்தும் பேசலாமாம். ஆளுக்கு மூணு நிமிஷம். நீங்க பேசுங்க.”

“நானா? நீ பேசும்மா. கடை உன் கடை.”

“நான் பேசினா கடைக்காரி புலம்புறாம்பாங்க. நீங்க முப்பத்தாறு வருஷம் வரி ஆபீஸ்ல இருந்தவரு. மாவு சாப்பாடு இல்ல, சாப்பாட்டுக்கான மூலப்பொருள்னு நீங்க சொன்னா எடுபடும். அரிசிக்கும் கோதுமைக்கும் விலக்கு குடுக்கிறதா ஒரு பேச்சு இருக்கு. மாவும் அதுல சேரணும். அவ்வளவுதான்பா.”

பெயர் பதிய ஒரு விண்ணப்பம் இருந்தது. பேத்தி நிலா இங்கிருந்து போனில் சொல்லச் சொல்ல நான் அங்கே நிரப்பினேன். அவளுக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். பிறந்த தேதியை நான் நம் வழக்கப்படி நாள் முதலிலும் மாதம் பிறகும் எழுதினேன். பதினேழாம் மாதம் என்று ஒன்று இல்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. அடுத்து, தற்போது இருக்கும் வட்டாரம் எது என்று கேட்டு எண்பத்தெட்டுப் பெயர்களைக் காட்டியது. கோவில்பத்து அதில் இல்லை. நிலா ஏதோ ஒன்றை அழுத்தச் சொன்னாள். பொய்த் தகவலுக்குக் கீழே கையெழுத்திட மாட்டேன் என்றேன். ‘இதர’ என்பது கடைசியில் இருந்தது. எந்த அரசாங்கத்திலும் அது கடைசியில் இருக்கும்.

பிறகு வந்ததுதான் வினை. மசோதாவுக்கு ஆதரவா, எதிர்ப்பா, தகவல் மட்டுமா? மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் ‘தகவல் மட்டும்’ என்பதை அழுத்திவிட்டேன். சாயங்காலம் வளர்மதி மறுபடி கூப்பிட்டாள்.

“எதிர்ப்புன்னு போடுங்கப்பா.”

“அரசு ஊழியர் எதிர்ப்புத் தெரிவிக்கக் கூடாதும்மா.”

“நீங்க ரிட்டையராகிப் பதினெட்டு வருஷம் ஆகுது.”

“பென்ஷன் வாங்குறேனே.”

“அது புதுச்சேரி பென்ஷன். இவங்களுக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?”

சம்பந்தம் இல்லைதான். ஆனால் முப்பத்தாறு வருஷத்தில் எந்தக் கோப்பிலும் நான் ஆதரவு, எதிர்ப்பு என்று எழுதியதில்லை. ‘தகவலுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்றுதான் எழுதியிருக்கிறேன். கை பழக்கப்படி போய்விட்டது. மாற்றவும் முடியவில்லை, ஒருமுறை அனுப்பினால் அனுப்பியதுதான். அது எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

3

கோவில்பத்தில் விஷயம் பரவிவிட்டது. தம்பி பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். அவனிடம் ஒன்றைச் சொன்னால் தெருவுக்கு அறிவிப்புப் பலகையில் எழுதிய மாதிரி. இரண்டே நாளில் அமெரிக்க மாநிலம் ஒன்றின் பற்றாக்குறையை எப்படி அடைப்பது என்பது அவன் வீட்டுக் கூடத்தில் தினசரி விவாதமாகிவிட்டது. அந்த மாநிலத்தை யாரும் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அதனால் தயக்கமில்லாமல் யோசனை சொன்னார்கள்.

“அரிசி மாவுக்குப் போயி வரி போடுவாங்களா மாமா?” என்றாள் தம்பி மனைவி சாரதா. “சாராயத்துக்கு ஏத்தச் சொல்லுங்க. குடிக்கிறவன் கேள்வி கேக்க மாட்டான்.”

“அது ஏற்கெனவே ஏத்தியாச்சும்மா.”

“இன்னொரு தரம் ஏத்தச் சொல்லுங்க. இங்க என்ன ஒரு தரத்தோடயா நிறுத்துனாங்க?”

தம்பி பெட்ரோலைச் சொன்னான். “அண்ணே, நம்ம ஊர்ல பெட்ரோல் வரியக் கூட்டினப்ப என்ன ஆச்சு? நாகூர்க்காரன் வர்றது குறைஞ்சிது. அவ்வளவுதான். நம்ம ஆளுங்க போட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்? வெளியூர்க்காரன் ஓடுவான். உள்ளூர்க்காரன் எங்க போவான்? இத எழுதிக்குங்க. மூணு நிமிஷத்துல இது ஒரு நிமிஷம் வரும்.”

நான் எழுதிக்கொண்டேன். பதினோரு பக்கம் ஆகிவிட்டது. நிலாவுக்கு அனுப்பினேன். அவள் அதை முக்கால் பக்கமாக்கி ஆங்கிலத்தில் திருப்பி அனுப்பினாள். அதில் என் வாக்கியம் என்று இரண்டுதான் மிஞ்சியிருந்தன. மாவு என்ற சொல் மட்டும் ஒன்பது இடத்தில் வந்தது. நல்ல குறிப்பு. ஆபீசில் இருந்திருந்தால் சீக்கிரம் மேலே வந்திருப்பாள்.

இந்த விவாதத்துக்குத் தினமும் வந்தவர் மரைக்காயர். என்னைவிட ஒரு வயது மூத்தவர். மகன்கள் இருவரும் துபாயில். சாயங்காலம் நாலரைக்கு சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். ஏறி ஓட்டுவதில்லை, பிடித்துக்கொண்டு நடக்கத்தான் சைக்கிள். எனக்கு அவர் வைத்த பெயர் ஆபீசர். நான் ஆபீசராக இருந்தது கடைசி இரண்டு வருஷம்தான்.

“பாலத்துல ஒரு செக்போஸ்ட் போடச் சொல்லுங்க ஆபீசரே. நீங்களே போயி உக்காந்துடுங்க. மாவு டப்பாவோட யாரு தாண்டுறான்னு எண்ணுவீங்க. துண்டு தானா அடைபடும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அவர் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

“ஒரு சந்தேகம். மாவு அரிசிதான்னு சொல்லப் போறீங்க.”

“ஆமாம்.”

“அரைச்சு, உப்புப் போட்டு, புளிக்க வச்ச பிறகும் அது அரிசிதான்.”

“ஆமாம்.”

“சரி சரி” என்றார். “கேட்டுக்கிட்டேன்.”

தம்பி சட்டென்று மின்விசிறியைப் பார்த்தான். சாரதா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர்கள் இருவருக்கும் தெரியும்.

4

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய விஷயம்.

கருக்களாச்சேரியில் மரைக்காயரின் வாப்பாவுக்குக் கருவாட்டுக் களம் இருந்தது. மீனவர்களிடம் மீனை வாங்கி, உப்பிட்டு, மணலில் பாய் விரித்துக் காய வைத்து, உள்நாட்டுச் சந்தைகளுக்கு மூட்டை மூட்டையாக அனுப்புவார். நெத்திலி, வாளை, சுறா. மீனுக்கு அப்போது விற்பனை வரி கிடையாது. கருவாடு மீன்தானா என்று ஒரு கேள்வி எழுந்தது. எழுப்பியவன் நான். அந்த வருஷமும் துண்டு விழுந்திருந்தது. எங்கேயாவது வசூலுக்கு வழி இருக்கிறதா பாருங்கள் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது.

நான் களத்துக்குப் போய்ப் பார்த்தேன். பாய்கள் இருநூற்றாறு. வேலை செய்கிற பெண்கள் நாற்பத்து மூன்று பேர். நாங்கள் நெரவியில் நிலம் வைத்திருந்த சைவக் குடும்பம். நான் அதுவரை கருவாட்டைத் தொட்டதில்லை, இன்றுவரை தின்றதும் இல்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எண்ணினேன். ஆபீசுக்குத் திரும்பி மூன்று பக்கத்தில் குறிப்பு எழுதினேன். சட்டத்தில் ஆதாரம் தேடினேன், கிடைக்கவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கடைசிப் பத்தியில் இப்படி எழுதினேன்: ‘கறந்த பால் மடி புகாது, கருவாடு மீன் ஆகாது என்பது இவ்வட்டாரத்தில் காலங்காலமாக வழங்கும் மொழி. ஆகவே கருவாடு மீன் அன்று என்பது பொதுமக்களாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது.’

மேலதிகாரி அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றார். பக்கத்து அறைக்காரர்களைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஒரு பழமொழியை வைத்து வரி விதித்த ஆபீஸ் உலகத்தில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பு முழுமையாகாது.

வரி ஏறிய விலையில் சந்தையில் போட்டி போட முடியாமல் மரைக்காயரின் வாப்பா ஒரே வருஷத்தில் களத்தைக் காலி செய்தார். எல்லை தாண்டி, கருவாட்டுக்கு வரி இல்லாத நாகூர்ப் பக்கம் போனார். நாற்பத்து மூன்று பெண்களில் பஸ் ஏறிப் போக முடிந்தவர்கள் பதினெட்டுப் பேர். மீதி இருபத்தைந்து பேர் என்ன ஆனார்கள் என்று நான் எண்ணவில்லை. மரைக்காயர் என்னோடு நாலு வருஷம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் கடைத்தெருவில் “என்ன ஆபீசரே, சௌக்கியமா?” என்றார். ஏன் பேசினார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நாங்கள் எல்லாவற்றையும் பேசினோம், கருவாட்டைத் தவிர.

5

கருத்துக் கேட்பு அமெரிக்காவில் காலை ஒன்பது மணிக்கு. காரைக்காலில் அப்போது மாலை ஆறரை. என் எண் நாற்பத்தொன்று. எனக்கு முன்னால் நாற்பது பேர், ஆளுக்கு மூன்று நிமிஷம் என்றால் எட்டரை ஆகும் என்று கணக்குப் போட்டேன். தம்பியின் மடிக்கணினியை நாலு புத்தகங்கள் மேல் வைத்து, வேட்டிக்கு மேல் கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே தெரியாது என்று நிலா உறுதி கொடுத்திருந்தாள்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். சூயிங்கம் வியாபாரி ஒருவர், தன் பொருளை மென்று துப்புவார்களே தவிர விழுங்குவதில்லை, ஆகவே அது உணவு அல்ல என்றார். விழுங்கினால் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அது வாங்குபவரின் தவறு என்றார் இவர். ஐஸ்கட்டி விற்கிறவர் ஒருவர், ஐஸ் தண்ணீர்தான், தண்ணீருக்கு வரி இல்லை என்றார். உறைந்த பிறகும் தண்ணீர்தானா என்று குழுத் தலைவி கேட்டார். அதைப் பற்றி இருபது நிமிஷம் விவாதித்தார்கள். எனக்குப் புல்லரித்தது. பதினோரு வருஷத்தில் இந்த நாடு எனக்கு முழுசாகப் புரிந்தது அன்றைக்குத்தான். நான் வேலை பார்த்த அதே ஆபீஸ். மேஜை மட்டும் பெரியது.

“என்ன சொல்றாங்க மாமா?” என்றாள் சாரதா.

“ஐஸ் தண்ணிதானாங்கிறாங்க.”

“இதுக்கா இத்தன பேரு கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க?”

மரைக்காயர் மஃரிப் தொழுகைக்குப் போய்விட்டு இருபத்தாறாவது ஆள் பேசும்போது திரும்பி வந்தார். கேமராவில் தெரியாதபடி என் பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெயர் கொடுத்தவர்களில் பலர் வராததால் என் முறை எட்டு ஐந்துக்கே வந்துவிட்டது. என் ஊர்ப் பெயரைக் குழுத் தலைவி மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு, “தகவல் மட்டும் வழங்குபவர்” என்று அறிவித்தார். திரையின் ஓரத்தில் கடிகாரம் மூன்று நிமிஷத்திலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தது.

நிலாவின் முக்கால் பக்கம் கையில் இருந்தது. முதல் வாக்கியம் என்னுடையது. ‘முப்பத்தாறு வருஷம் எது உணவு, எது உணவில்லை என்று தீர்மானிக்கும் வேலையில் இருந்தேன்.’ படித்தேன்.

பக்கத்திலிருந்து மரைக்காயர், எனக்கு மட்டும் கேட்கும்படி, “கருவாடு?” என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

இரண்டாவது வாக்கியம், மாவு என்பது அரிசியின் இன்னொரு வடிவம் என்பது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. புளித்த மாவு அரிசிதான் என்று என் மகளுக்காகச் சொல்லுகிற வாய், காய்ந்த மீன் மீன் அல்ல என்று அவர் வாப்பாவிடம் சொன்ன வாய். அவர் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அதைச் சரி செய்யாமல் இதைச் சொன்னால் அது பொய்க் கணக்கு. அதனால் முதலில் அதைச் சரி செய்துவிட்டு, சுருக்கமாக, இருபது விநாடியில், மாவுக்கு வரலாம் என்று நினைத்தேன்.

“ஒருமுறை நான் தவறாகத் தீர்மானித்தேன்” என்றேன். “உப்பிட்டு உலர்த்திய மீன், மீன் இல்லை என்று எழுதினேன். அது மீன்தான்.”

களத்தைச் சொன்னேன். பாய்கள் எத்தனை என்று சொன்னேன். நாற்பத்து மூன்று பெண்களைச் சொன்னேன். பழமொழியை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அதற்கு நாற்பது விநாடி ஆனது. பச்சை மீன் வாங்க முடியாதவன்தான் கருவாடு தின்கிறான், துண்டு விழுந்த வருஷத்தில் அவன் தட்டில்தான் நாங்கள் கை வைத்தோம் என்றேன். குழுவில் ஒருவர், வடக்கே ஏரிக்கரைத் தொகுதிக்காரராம், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏதோ எழுத ஆரம்பித்தார்.

“இப்போது மாவு விஷயத்துக்கு வருகிறேன்” என்றேன்.

மணி அடித்தது. என் ஒலியை நிறுத்திவிட்டார்கள். நான் ஒன்பது முறை மாவு என்று சொன்னேன். திரையில் என் வாய் அசைவது மட்டும் எனக்கே தெரிந்தது. நாற்பத்து இரண்டாம் ஆள் பேச ஆரம்பித்தார்.

6

மரைக்காயர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “கிளம்புறேன் கலியபெருமாளு” என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் நாலு வருஷமா என்று நினைத்தேன். எங்கள் வயதுக்கு நாலு வருஷம் கட்டுப்படியாகாது.

போன் வந்தது.

“மூணு நிமிஷம்பா” என்றாள் வளர்மதி. “ஒன்பது வருஷத்துல உங்ககிட்ட நான் கேட்டது மூணு நிமிஷம்.”

“கடைசியில சொல்லலாம்னு நெனச்சேம்மா.”

“ஆமா. எல்லாம் எண்ணுவீங்க. அத மட்டும் எண்ணல.”

வைத்துவிட்டாள். அவள் சொன்னது சரி.

ஒன்பதாம் நாள் மசோதா நிறைவேறியது. அரிசிக்கு வரி. கோதுமைக்கு வரி. மாவுக்கு வரி. ஐஸ்கட்டிக்கும் வரி. முப்பத்து நாலு திருத்தங்கள் வந்ததில் முப்பத்து மூன்று தோற்றன. எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் சொன்ன எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆளும் தரப்பு முடிவு செய்திருந்தது. அது அவர்கள் மானப் பிரச்சினை. ஆனால் ‘தகவல் மட்டும்’ என்ற தலைப்பின் கீழ் வந்தது ஒரே ஒரு சாட்சியம். அதை நிபுணர் கருத்து என்று சேர்த்துக்கொண்டார்கள். ஏரிக்கரைத் தொகுதிக்காரர் திருத்தம் கொண்டுவர, ஒருமனதாக நிறைவேறியது. கடல் இல்லாத இந்த மாநிலத்தில் இனி மனிதர் தின்னும் பொருள்களில் வரி இல்லாதது ஒன்றே ஒன்று: உப்பிட்டு உலர்த்திய மீன்.

நிலா அந்தப் பக்கத்தை அனுப்பியிருந்தாள். கூடவே சிரித்துக் கண்ணீர் விடுகிற பொம்மை முகம் ஏழு. தம்பி அதைக் கடைத்தெருவில் அச்செடுத்து வந்தான். நான் மரைக்காயர் வீட்டுக்கு நடந்தேன். எட்டுகளை எண்ணவில்லை.

அவர் தாளைக் கண்ணருகே பிடித்து இரண்டு முறை படித்தார். “சர்க்கார் முத்திரையெல்லாம் இருக்கு” என்றார்.

“இருக்கு.”

“அப்ப இது மெய்யாவே மீனுதான்னு எழுதிட்டாங்க.”

“எழுதிட்டாங்க.”

“எங்க வாப்பா போயி இருபத்தொம்பது வருஷம் ஆச்சு.” தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “தின்னு பாக்காமலே தீர்ப்பு எழுதினீங்க. தின்னு பாக்காமலே மாத்தியும் எழுதிட்டீங்க. உங்கள மாதிரி ஆளு கெடைக்க மாட்டாரு ஆபீசரே.” பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அந்தப் புள்ளைக்கு போனப் போடுங்க” என்றார்.

போட்டுக் கொடுத்தேன்.

“வளர்மதி, மரைக்காயர் மாமா பேசுறேன்மா. அப்பா மேல கோவமா? இருக்கட்டும். நாலு வருஷம் வரைக்கும் வச்சுக்கலாம், நான் வச்சிருந்தேன்… கடைய மூடப் போறியாமே? எதுக்கும்மா மூடுறது? எங்க வாப்பாவுக்கு உங்க அப்பா வரி போட்டப்ப அவரு மூடல. பாயச் சுருட்டி எடுத்துக்கிட்டு எல்லையத் தாண்டிட்டாரு. காரைக்கால்ல பொறந்த புள்ளை நீ. பாலம் எதுக்கு இருக்கு?… ஆமா, தூரம்தான். அங்க அந்தக் கடைக்காரன் மாவு புளிக்காதுன்னு அப்பா சொன்னாரே. பொறவு என்ன? இன்ஷா அல்லா, போயி நல்ல எடமாப் பாரு.”

அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் போனை என்னிடம் கொடுத்தபோது அது அணைந்திருந்தது.

7

வளர்மதி கையெழுத்துப் போடவில்லை. மூடவும் இல்லை. பாலத்துக்கு அப்பால் பன்னிரண்டு மைலில் சலவைக்கடை ஒன்றின் பக்கத்தில் இடம் பிடித்தாள். நான் திரும்பி வந்தபோது பழைய கடையில் பலகையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். பதினோரு வருஷத்தில் நான் நடந்து போகிற ஒரே இடம் அது. இனி நடக்க இடமில்லை. பாலத்தில் நடைபாதை கிடையாது, இருந்தாலும் பன்னிரண்டு மைல் என் எட்டில் முப்பத்தையாயிரம் வரும்.

முதல் வாரம் வீட்டில் இருந்தேன். ஜன்னலிலிருந்து தெரிகிற கார்களை எண்ணினேன். இரண்டாம் வாரம் திங்கட்கிழமை காலை நாலே முக்காலுக்கு அவள் என் அறைக் கதவைத் தட்டினாள்.

“சாக்ஸ் போட்டுக்கிட்டு வாங்க. நாற்காலிய அங்க கொண்டு போயிட்டேன்.”

அன்றைக்குத்தான் அவள் என்னோடு ஒரு முழு வாக்கியம் பேசியது.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம். கிரைண்டர்கள் இன்னும் வீட்டின் கீழறையில்தான். மாவை இந்த மாநிலத்தில் அரைத்து அந்த மாநிலத்தில் விற்கிறோம். பின் இருக்கையில் மாவு வாளிகள். இப்படிச் சரக்கை எல்லை தாண்டிக் கொண்டு போகிறவர்களை முப்பத்தாறு வருஷ வேலையில் எல்லைச் சாவடிகளில் நான் நிறுத்தியிருக்கிறேன். கீழே இறங்கச் சொல்லியிருக்கிறேன், மழையில்கூட. அதனால் முதல் நாளே ஒரு தாள் தயார் செய்தேன்: வாளிகள் எத்தனை, எடை எவ்வளவு, எங்கிருந்து எங்கே, வண்டி எண், ஓட்டுநர் பெயர், சரக்குக்குப் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து. இரண்டு பிரதி. இந்த நாட்டில் அப்படி ஒரு படிவம் கிடையாது என்று நிலா சொல்லிவிட்டாள். நான் கோடு போட்டு எழுதிக்கொள்கிறேன்.

பாலத்தில் சாவடி இல்லை. விளக்கோடு ஒரு ஆள் இல்லை. நடுவில் மாநிலத்தின் பெயர் போட்ட பச்சைப் பலகை மட்டும் நிற்கிறது. பலகை கண்ணில் பட்டதும் நான் கண்ணாடியை இறக்கித் தாளைக் கையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். நதிக் காற்று ஊசி மாதிரி உள்ளே வருகிறது.

“குளிருதுப்பா. ஏத்துங்க” என்கிறாள் வளர்மதி.

“தாண்டட்டும்மா.”

யாரும் இதுவரை கேட்கவில்லை.